பட்டப்பகலில் போன ஓட்டோ

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் தாய்மாமா சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன். உங்கள் தங்கை றிப்னாவின் கலியாணப் பேச்சு முறிந்துவிட்டது. முறித்தவள் நான்.

மாப்பிள்ளையின் வாப்பாதான் ஊருக்குப் போதைத் தூள் விற்கிறார். தெரியாதவர்கள் இல்லை. பள்ளிவாசலில் முன்வரிசையும் அவருக்குத்தான். போன வாரம் உங்கள் உம்மா வீட்டில் வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டே, "பொடியன மனநல கிளினிக்குக்குக் கொண்டு போயிராதீங்க. சம்பந்தம் செய்யிற எங்களுக்கும் வெட்கம்" என்றார். அவர் விற்ற தூளில் அழிந்துகொண்டிருக்கும் உங்கள் தம்பியைத்தான் சொன்னார். மாமா தலையாட்டினார்.

நீங்களும் போனில், "நல்ல இடம், கெடுத்திராத" என்றீர்கள்.

தம்பி அறைக்குள் சுருண்டு கிடந்தான். ஏன் இதைத் தொட்டாய் என்று கேட்டேன். "காதுக்குள்ள யாரோ ஏசிக்கிட்டே இரிக்காங்க மதினி. இத இழுத்தாக் கொஞ்சம் அடங்குது" என்றான். தூளுக்கு முன்பே அந்தக் குரல் இருந்ததாம். சொன்னால் ஊர் பைத்தியம் என்னும் என்று மறைத்திருக்கிறான்.

மறுநாள் காலை அவனை ஓட்டோவில் ஏற்றி, கல்முனைக்குடி பெரிய வீதியாலேயே கிளினிக்குக்குக் கொண்டு போனேன். எல்லோரும் பார்த்தார்கள். லுஹர் தொழுகைக்கு முன்பே, சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது.

"குமரிட வாழ்க்கையக் கெடுத்திட்டாய்" என்று மாமா கத்தினார். றிப்னா வெளியே வந்து, "எனக்கு அந்த ஊடு வேணாம் மாமா" என்றாள்.

தம்பியை ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருக்கிறார்கள். கூட நிற்க ஓர் ஆம்பிளை வேண்டும். தம்பிக்காக என்றால் லீவு போட்டு வாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் என்றால், அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் உம்மா