ரெண்டு ஈக்குவலைசரும் வேண்டாம்

மச்சான்,

சோறும் கொடுவா ஆணமும் மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க. மத்தியானம் ஸ்பீக்கர் கடைக்காரர், நீங்க கேட்ட மாதிரி சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு சரிபண்ற ஈக்குவலைசர் ரெண்டு கொண்டாருவாரு. ரெண்டுமே வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க.

கோபத்துல சொல்லலை. குக்கர்ல பருப்பு தீஞ்சதுக்கு நேத்து சண்டை போட்டேனே, "விசிலே வரலடி"ன்னு சத்தியம் பண்ணினீங்க. பொய்னு நினைச்சேன். இன்னைக்குக் காலையில அடுப்படி வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சீங்கள்ல, அப்ப வேணும்னே குக்கர் வெச்சேன். விசில் மேல விசில் அடிச்சுது. நீங்க திரும்பவே இல்லை.

படம் போட்டா சப்வூஃபர் சத்தத்துல வசனமே அமுங்குதுன்னு சொல்றீங்க. எனக்கும் நம்ம புள்ள ஷஹ்பாஸுக்கும் நல்லாத்தான் கேக்குது. ஸ்பீக்கர் பெட்டியில ஒரு குறையும் இல்லை மச்சான். இத்தனை வருஷமா கத்தார்ல ஜெனரேட்டர் ரூமு இரைச்சல்லயே கெடந்த காது அது.

மன்னார்குடியில காது டாக்டருக்கு டோக்கன் போட்டுட்டு வர்றேன்.

நஜ்மா

நீங்க ஊர் வந்ததுலேருந்து நான் கூப்பிட்டா ஏன்னு கேக்கலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன். இப்பவும் கொல்லையில உங்களுக்குப் பின்னால நின்னு "போயிட்டு வர்றேன்"னு சொல்லிப் பார்த்தேன், உங்களுக்குக் கேக்கலை. கத்திச் சொன்னா தெருவே கேக்கும். அதான் எழுதி வெக்கிறேன்.