சோலைக்குள் ஒரு மஞ்சள் கயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

சண்முகவள்ளி வணங்கி எழுதுவது. நடந்ததை ஒளிக்காமல் அப்படியே எழுதப் போகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

கூக்கால் சோலையில் மரக்கன்றுகள் எத்தனை பிழைக்கின்றன என்று ஆராயும் லோகநாயகி டீச்சருக்குச் சனிக்கிழமைகளில் நான்தான் துணை. அடையாளத்துக்காக, நம் கடையிலிருந்து நீங்கள் அனுப்பிய மஞ்சள் கயிற்றை நாற்பது கன்றுகளில் கட்டியிருந்தேன். நேற்று எண்ணினால் நாற்பத்தேழு கயிறுகள்! விறகு பொறுக்க வந்த பிச்சையம்மாள் சிரித்துவிட்டார்.

"அடி ஆத்தி, நீ கட்டுனதா? யாரோ வேண்டுதலுக்குக் கட்டிருக்காகன்னு வெறகுக்கு வர்ற நாங்க ஆறு பேரும் ஆளுக்கொண்ணு கட்டிட்டோம். அவுத்துராத தாயி, சாமி குத்தமாயிரும்."

டீச்சரும் சிரித்தார். "சரிங்கம்மா, அவுக்கல. ஆனா ஏழாவது யாருது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இனி கன்றுகளுக்கு நீல நூல் வேண்டும். நீலத்தில் யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் வேண்டும். தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டுவர முடியுமா? ஞாயிறுதோறும் பழனி பஸ் வரும் நேரத்தில் விடுதி வாசலில்தான் நிற்கிறேன்.

ஏழாவது கயிறு நான் கட்டியது, அப்பா. நீங்கள் வர வேண்டும் என்று. டீச்சரிடம் சொல்லவில்லை.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

வள்ளி