தாய்ச்செடியின் பெயர் முதலில்

செவ்வாய்க் கிரக விதைக்கூடம், முதல் பயிர்க்கூண்டு
நாள் 212, இரவு 11.40

இந்த நேரத்தில் எழுதுவதற்கு விதைக் குழுவினர் மன்னிக்கவும். மகள் ஆதிரை தூங்கிய பிறகுதான் கை ஓய்கிறது. வெப்பம் சரி. ஈரம் சரி. என் மக்காச்சோளத்தில் செடிக்கு ஒரு கதிர். பக்கத்துக் கூண்டில் ஜெசிந்தாவின் ரகத்தில் இரண்டு. நான் மணியைப் பெரிதாக்கினால் கதிரில் மணி வரிசை குறைகிறது, வரிசையைக் கூட்டினால் மணி சிறுக்கிறது. அவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் கூடி வருகிறது? ஆதிரைகூட ஜெசி சித்தி சோளம்தான் வேண்டும் என்கிறாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

நாள் 214, காலை 7.10

நீர்ச்சுழற்சி எந்திரம் பழுது. இரு கூண்டுக்கும் பாதித் தண்ணீர்தான். செடி வாடினால் கதிரில் மகரந்தம் பிடிக்கும் முடி வரத் தாமதமாகும், மகரந்தம் காத்திருக்காது. என் ரகத்தில் இரண்டும் சேர்ந்தே வந்துவிட்டன. அந்தக் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

நாள் 217, மாலை 6.00

ஜெசிந்தாவின் ஆண்பூக்கள் மகரந்தம் கொட்டி முடித்தன. அவள் கதிர்களில் இன்னும் முடி இல்லை. சந்தோஷப்பட்டேன். எழுதிவிட்டேன், அழிக்கமாட்டேன். பிறகுதான் உறைத்தது: அவள் கூண்டு பொய்த்தால் எல்லாருக்கும் பாதி வயிறு. ஆதிரைக்கும்தான்.

நாள் 219, காலை 9.20

ஜெசிந்தாவின் அழைப்பு: "மங்கை, முடி வந்துருச்சுடி! என்கிட்ட மகரந்தம் துளிகூட இல்ல. உன் கடைசி வரிசை இன்னும் பூக்குதுல்ல? ஒரு பை குடேன். மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன்னு வெச்சுக்க. ஏய், கேக்குதா?"

கேட்டது. அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

நாள் 220, காலை 8.05

கடைசி ஆண்பூக்களில் மாட்டியிருந்த காகிதப் பையைக் கழற்றிவிட்டேன். உள்ளே மஞ்சள் தூள். மதியத்துக்குள் செத்துவிடும். நாளைக்கு என்னிடமும் இருக்காது.

கலப்பில் தாய்ச்செடியின் பெயரை முதலில் எழுதுவது நம் வழக்கம். ஜெசிந்தா × மங்கை. கொஞ்ச நாளில் பின்பாதி உதிர்ந்துபோகும். வறட்சி தாங்கும் குணம் என் செடியுடையது, பெயர் மட்டும் அவளுக்கு.

மறுபடி ஜெசிந்தாவின் அழைப்பு, என் மனசைப் படித்ததுபோல: "உன் பேரையே முதல்ல எழுதிக்கடி. எனக்கென்ன? பிள்ளைங்களுக்குச் சாப்பாடு வேணும்."

பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொள்கிறாள்.

பை கையில் இருக்கிறது. இடைக்கதவை நான் இன்னும் திறக்கவில்லை. விதைக் குழுவினரே, கொடு என்று நீங்கள் சொன்னால் கொடுத்துவிடுவேன். அவள் கேட்டுக் கொடுத்ததாக இருக்க வேண்டாம். மதியத்துக்குள் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.