மதி எடுத்த படங்கள்

ஜனவரி 18, ஞாயிறு

காலை எட்டு வரைக்கும் பனி. மோட்டார் ரிப்பேர் கடை லீவு. டிஎஸ்எல்ஆர் கேமரா வீட்டுக்கு வந்து நாலாம் நாள். க.குறிச்சி ஸ்டுடியோக்காரர் புது மாடலுக்கு மாறினார், பழையதை என் தலையில் கட்டினார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஊரையே பார்த்த கேமரா. பிடிக்கிற இடத்தில் ரப்பர் வழுக்கை. "உங்களுக்குப் பொருத்தம்தான்" என்றாள் மதி.

நேற்று போனில் மகளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "உங்கப்பாவுக்கு அம்பத்திரெண்டு வயசுல கேமரா வந்திருக்குதுடி. மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டற கையிக்கு இன்னா ஆசை பாரு." சிரிப்புச் சத்தம் அந்தப் பக்கமும்.

கேமராவின் மேலே இருக்கிற திருகு. மறந்துவிடும், எழுதி வைக்கிறேன்:
பச்சைப் பெட்டி - எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். புதுசாகக் கற்பவருக்கு.
பி - பாதி அது, பாதி நாம்.
ஏ - துளை நம் கையில். முகத்தைத் தெளிவாக வைத்துப் பின்னால் இருப்பதை மங்கலாக்க.
எஸ் - வேகம் நம் கையில். ஓடுகிறதை நிறுத்திப் பிடிக்க.
எம் - எல்லாம் நம் தலையில்.

எம்மில் வைத்து முருங்கை மரத்தை எடுத்தேன். முழுக் கருப்பு. அடுத்தது முழு வெள்ளை. மதி வாங்கிப் பச்சைப் பெட்டியில் திருப்பி ஒரே தட்டு. பூ, பூவில் கட்டெறும்பு, எல்லாம் விழுந்திருக்கிறது. "எவ்ளோ தெளிவா தெரியுதுங்க இதுல" என்று கண் வைக்கிற ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் கடுப்பு.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. தூக்கம்.

ஜன. 20, செவ்வாய்

ரிஷிவந்தியத்துக்காரர் 5 எச்.பி. மோட்டார் இறக்கிப் போனார். மரவள்ளி காய்கிறதாம், அவசரமாம். யாருக்குத்தான் அவசரம் இல்லை.

கேமரா புத்தகம் போனில் இறக்கியாயிற்று. இங்கிலீஷ். ஒரு பக்கத்துக்கு அரை மணி. இன்று புரிந்தவை:

1. பொத்தானைப் பாதி அழுத்தணும். 'பீப்' வந்தால் குறி பிடித்துவிட்டது. பிறகு மீதி. இத்தனை நாள் ஒரே குத்தாகக் குத்திக்கொண்டிருந்தேன்.
2. எஃப் எண் குறைந்தால் துளை பெரிசு. காயில் கம்பி கேஜ் போலத்தான், எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசு. இப்படிச் சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும்.
3. ஐஎஸ்ஓ ஏற்றினால் வெளிச்சம் கம்மியிலும் படம் விழும். ஆனால் ரவை தூவின மாதிரி புள்ளி.
4. உள்ளே சின்னக் கண்ணாடி ஒன்று. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை மேலே திருப்பி நம் கண்ணுக்குத் தருகிறது. டிவி மாதிரி இல்லை, நிஜ வெளிச்சம். படம் விழும்போது அது எழும்பி இறங்குவதுதான் அந்த 'டக்'.
5. கண் வைக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் குட்டிச் சக்கரம். என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினேன், என் பவர், மைனஸ் இரண்டரைக்கே வந்து நின்றது. இனி மூக்கில் இடிக்காது. கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும்.

நாலாவதை மட்டும் மதிக்கு விளக்கினேன். "அப்ப நேரா பாக்கறத சுத்தி வளச்சிப் பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட் தைக்கப் போய்விட்டாள்.

ஜன. 22, வியாழன்

பனி இல்லை. நல்ல வெயில்.

காலை பதினோரு மணி இருக்கும். மதி கேமராவைக் கண்ணில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "வெளிய பனியா இருக்குதா?" என்றாள். இந்த வெயிலில் பனியா என்றேன். கொடியில் உட்கார்ந்திருந்த காக்கையை எடுத்தாள். படம் பளிச்சென்று இருக்கிறது.

சாயங்காலம் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். இத்தனை வருசத்தில் முதல் தடவை. "வயசாயிடுச்சி மதி" என்றேன், சிரிக்கத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை.

காயில் வார்னிஷ் தீர்ந்துவிட்டது. வாங்கணும்.

ஜன. 25, ஞாயிறு

தியாகதுருகம் மலைக்கோட்டை ஏறினோம். வீட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மலை, ஏறி எத்தனையோ வருசம். நான் பத்துப் பன்னிரண்டு எடுத்தேன். பிறகு அவளிடம் கொடுத்தேன், கீழே ஊரை எடு என்று.

கண் வைத்தாள். இறக்கினாள். முந்தானையால் லென்ஸைத் துடைத்தாள். "துணியால துடைக்காத, கீறல் வுழும்" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அங்கேயே பாறையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கண்ணாடில அழுக்கு இல்லீங்க. எங்கண்ணுதான்."

நாலு நாளாக ஓட்டையில் எல்லாமே கலங்கித் தெரிகிறதாம். முதல் நாள் நன்றாக இருந்ததாம். "எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிது. பனி மாதிரின்னுதான் சொல்லும்."

அத்தைக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிக் கடைசி ஆறு வருசம் ஒன்றும் தெரியாது. கொல்லைக்குக் கூட மதிதான் கை பிடித்துக் கூட்டிப் போவாள்.

கேமராதான் கோளாறாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவளே மறுத்தாள். "படம் சுத்தமா வுழுதே. அப்ப கேமரா நல்லா இருக்குது. எனக்குத்தான் தெரியல." மோட்டார் ஓடுகிறது, மீட்டர் காட்டவில்லை என்றால் கோளாறு மீட்டரில்தான். கடையில் நான் சொல்கிற அதே கணக்கு.

இடது கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டித் தாளைக் கையில் வைத்துப் பார்த்தாளாம். ராகுகாலம் படிக்க முடியவில்லையாம். சரி, இடது கண் எப்படி என்றேன். அதைச் சோதிக்கவே இல்லையாம்.

"அதுவும் போயிருந்தா இன்னா பண்றதுன்னுதான்."

கை பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன். பாதை நன்றாகத் தெரிகிறவளை.

ஜன. 27, செவ்வாய்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. லேபில் இருந்த பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டேன், அது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"எங்கம்மாவுக்கும் மொதல்ல இல்லன்னுதான் சொன்னாங்க" என்றாள் மதி.

கண் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறாள். "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போறன்." மகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் கெஞ்சல். கடைசியில் சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

காலையில் கேமராவில் நாலு படம் எடுத்தேன். கை சும்மா இருந்தால் மனசு ஓடுகிறது. எல்லாம் செங்கல் சுவர்.

ஜன. 28, புதன்

கடைக்குச் சோறு கொண்டுவந்த மதி கேமராவையும் கொண்டுவந்தாள். நான் காயில் கட்டுகிறேன், எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எடுக்கிறாள். தொடர்ச்சியாக எடுக்கிற வசதி எப்படியோ ஆன் ஆகிவிட்டது. விரலை எடுக்கவில்லை, டக்டக்டக்டக். மோட்டாரைத் திருப்பி வாங்க வந்தவர், "யக்கா, இன்னா தையல் மிசினா?" என்றார். மதி சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரிப்பு. அந்த ஆளுக்குக் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

தெரியவில்லை என்கிறவள் ஏன் இத்தனை எடுக்கிறாள்?

ரசம், பீன்ஸ் பொரியல். பீன்ஸ் உப்பு ஜாஸ்தி. சொல்லவில்லை.

ஜன. 29, வியாழன்

மதி பால் வாங்கப் போயிருந்தபோது கார்டில் என்ன இருக்கிறது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கோட்டைக்குப் போய் வந்த பிறகு மதி எடுத்தது மட்டும் 214 படம்.

எல்லாம் நான்.

சவரம் செய்கிறேன். சாப்பிடுகிறேன். பனியனைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். வண்டியை உதைக்கிறேன். பின்கழுத்தில் இவ்வளவு நரை இருப்பதே எனக்குத் தெரியாது. நான் பேப்பர் படிக்கிறது மட்டும் முப்பத்தி ஒன்று. ஒன்றில்கூட நான் கேமராவைப் பார்க்கவில்லை.

வந்ததும் கேட்டேன். இத்தனை படம் எதுக்கு மதி?

"படத்துக்கு இல்லீங்க. படத்த வெச்சிக்கினு அப்பறம் நான் இன்னா பண்றது, தெரியாதே. இதுல கண்ண வெச்சா சுத்தி எல்லாம் கருப்பாயிடுது. நடுவுல நீங்க ஒரு ஆளுதான். மங்கலாத்தான் தெரியறீங்க. தெரியற வரைக்கும் பாத்துக்கினு இருக்கலாம்னு."

பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தாறு வருசத்தில் இவள் முகத்தை இப்படி ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருப்பேனா நான்? இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டீ நான் போட்டேன்.

ஜன. 31, சனி

க.குறிச்சி, கண் ஆஸ்பத்திரி. டோக்கன் 19. கூட்டம். மதி கைப்பையில் கேமராவையும் எடுத்து வந்திருக்கிறாள், இங்கே எதற்கு என்று நான் கேட்கவில்லை.

முதலில் பவர் பார்க்கிற அறை. சின்னப் பெண், மதிக்கு ஒரு இரும்புக் கண்ணாடி மாட்டிச் சில்லு சில்லாக மாற்றுகிறது. நான் கதவோரம்.

தூரத்து எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். வலது, இடது இரண்டும். அப்புறம் கையில் ஒரு அட்டை. அது கலங்கலாம். பெண் சில்லை மாற்றியது.

"இப்ப தெரியுதாம்மா? இதுல நல்லா இருக்குதா, முன்ன போட்டதுல நல்லா இருந்துதா?"

"இதுலதான்."

"இப்ப?"

"இன்னும் நல்லா இருக்குதும்மா."

சில்லு மாற மாறக் கலங்கினது தெளிகிறது. நான் நின்ற இடத்திலேயே வேர்த்துவிட்டேன். சக்கரம். போன வாரம் செவ்வாய்க்கிழமை கேமராவில் நான் திருப்பின சக்கரம். அவள் நன்றாகத் தெரிகிறது என்றது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பனி என்று கேட்டது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. என் மைனஸ் இரண்டரைக் கண்ணுக்கு வைத்துவிட்டு அதே கேமராவை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் படித்தேன், நோட்டில் எழுதினேன், அவளிடம் சொல்லவில்லை.

சொட்டு மருந்து விட அடுத்த அறைக்குக் கூப்பிடுவதற்குள் வராந்தாவில் உட்கார வைத்துக் கேமராவைக் கண்ணில் வைக்கச் சொன்னேன். "எதுக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க." வை என்றேன். எதிரில் நின்றபடியே கை நீட்டிச் சக்கரத்தைத் திருப்பினேன்.

"மங்கல்… மங்கல்… அய்யோ. நில்லுங்க. நில்லுங்க, திருப்பாதீங்க."

கேமராவை இறக்கவே இல்லை. என்ன தெரிகிறது என்றேன்.

"உங்க மூக்குல வேர்வை."

சக்கரத்து விசயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கைப்பையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி. இரண்டாவது அடியில் அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, வூட்டுக்காரரா?" என்று கேட்டார். "ஆமாங்க, அதான் அடிக்கறன்" என்றாள் மதி.

அப்புறம் சொட்டு மருந்து, கண்ணை மூடி முக்கால் மணி நேரம். டாக்டரம்மா உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நரம்பு, விழித்திரை, இரண்டு கண்ணும் சுத்தம். கிட்டத்துக்கு மட்டும் கண்ணாடி. நாற்பத்தேழு வயசில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் வருசம் ஒரு தடவை வந்து காட்டணும். எழுதி வைக்கிறேன்: வருசம் ஒரு தடவை, நான் கூட்டி வரணும்.

வெளியே வெயில் கூசி மதியால் கண் திறக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என் கையைப் பிடித்து நடந்தாள். "சொட்டு மருந்து எவ்ளோ நேரத்துக்கு இருக்கும்?" என்றாள். சாயங்காலம் சரியாகிவிடும் என்றேன். பஸ்ஸிலும் கையை விடவில்லை.

மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. எனக்கு அரை மணி நேரம் திட்டு.

பிப்ரவரி 4, புதன்

சக்கரம் மதி கண்ணுக்கு நின்ற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். நான் கண்ணாடி போட்டுக்கொண்டே எடுக்கிறேன். மூக்கில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு முதல் வேலை, நான் போன மாசம் கோத்துக் கொடுத்த நூலைப் பார்த்து, "ரெண்டு இழையும் பிரிஞ்சி கெடக்குது, இதிலயா நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு கட்டனன்" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்வராயன் மலை. வண்டியில். கச்சிராயபாளையத்தில் டீ, கோமுகி அணையைத் தாண்டியதும் குளிர். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்கிறாள்.

வெள்ளிமலைக்கு முன்னால் நாலு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். "எங்கள எடுத்தா எங்களுக்குக் காட்டணும்" என்றார் ஒரு அம்மா. மதி எடுத்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும் பெரிசு பண்ணிக் காட்டினாள். "ஐயோ, நானா இது" என்று ஒரே கூச்சல். ஒரு கை புளி கொடுத்தார்கள்.

அருவியில் தண்ணீர் கம்மி. எஸ்ஸில் வைத்து, அரை நொடி, கேமராவைப் பாறைமேல் வைத்து இரண்டு நொடி டைமர். தண்ணீர் பால் மாதிரி விழணும், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எனக்கு மோர் மாதிரி விழுந்திருக்கிறது. அடுத்த தடவை.

கரியாலூரில் கட்டுச்சோறு. அவள் கை கழுவப் போனபோது அவள் எடுத்ததையெல்லாம் பார்த்தேன். 93 படம். புளி தட்டுகிற பெண்கள், பலாப் பிஞ்சு, படகு, வளைவு எண் எழுதின கல், தூங்குகிற நாய், என் வண்டி. வண்டி மட்டும் ஆறு. நான் ஒன்றில்கூட இல்லை. மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தேன். இல்லை.

கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டேன். என்னை ஒண்ணு எடுக்கக் கூடாதா மதி?

முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்கள எதுக்குங்க எடுக்கறது? வூட்டுக்குப் போனா இருக்கப்போறீங்க."