திருநீறு இட மறுத்தவன்

பெரியநாயகியைப் பாகத்தில் கொண்ட பாடலீசுவரப் பெருமான் என் சினத்தையும் சொல்லையும் நெறிப்படுத்துக.

திருப்பாதிரிப்புலியூர்,
19.11.2025

சிரஞ்சீவி செந்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். நீயும், உன் மாமா பூவராகனும் அத்தையும் நலமாயிருக்க அம்பிகை அருள்க.

நலம் கேட்டது போதும். தொலைபேசி மணி உனக்கு ஆகாது என்பதால் எழுதுகிறேன். இல்லையேல் இக்கோபத்தைத் தாளில் அடக்கியிருக்க மாட்டேன்.

டிசம்பர் எட்டாம் நாள், கார்த்திகை நான்காம் சோமவாரம், நம் பதிக மன்றத்துக்கு வெள்ளி விழா. நீ வந்து ஓதி, அடியார்களுக்குத் திருநீறு இடுவாய் என்று அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. நேற்று உன் மாமா சொல்கிறார்: "அவன் வரமாட்டானாம்க்கா. அந்த டாக்டரம்மாகிட்ட பேசிட்டு எடுத்த முடிவாம். நான் என்னா பண்ணட்டும்?"

யார் அந்த டாக்டரம்மா, ஸ்ரீமதி? முப்பத்து மூன்று வயதில் உனக்கு ஆட்டிசம் என்று பெயரிட்டார்கள், ஏற்றுக்கொண்டேன். அதைத் தீர்க்க மருந்தில்லை, உடன் வரும் அச்சத்துக்குப் பயிற்சி உண்டு என்றார்கள், அதையும் ஏற்றேன். சந்தை இரைச்சலில் நீ நடுங்காதிருக்கப் பழக்குவார்கள் என்றுதான் சனிக்கிழமைதோறும் போகச் சொன்னேன். இறைவன் திருமுன் வராதிருக்கப் பழக்குவதற்கா?

நான்கு வயது வரை நீ பேசவில்லை. "இந்தப் பொம்பள என்னா பாவம் செஞ்சாளோ" என்று என் காதுபடப் பேசினார்கள். ஐந்தாம் வயதில் வாய் திறந்தாய். வந்தது முழுப் பதிகம், ஒரு சொல் பிசகாமல். அதே வாய்கள் உன்னைத் தெய்வக் குழந்தை என்றன. உன் கையால் நீறு பெற வரிசையில் நின்றன. அந்த வரிசையைக் கலைக்க இவள் யார்? கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அடியவர் இறைவன் பெயரை ஓதிக் கரையேறிய ஊர் இது. கல்லைக் கட்டிய கொடியவர்கள்கூட அவர் வாயைக் கட்டவில்லை.

அப்பெண்ணிடம் போவதை நிறுத்து. விழாவுக்கு வா.

அம்மா,
ரத்தினம்மாள்


சிதம்பரம்,
23.11.2025, ஞாயிறு

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளி மாலை வந்தது. ஐந்து முறை படித்தேன். மாமாவும் அத்தையும் நலம். மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்க்கும் வேலையும் நன்றாகப் போகிறது.

ஸ்ரீமதி மருத்துவர் அல்ல, உளவியலாளர். மருந்து கொடுப்பதில்லை. தன் கண்ணைப் பார்க்கச் சொல்வதில்லை. நான் போகும் முன் மின்விசிறியையும் குழல்விளக்கையும் நிறுத்திவைக்கிறார். பேச்சு வராத நாளில் எழுதிக் காட்டுகிறேன்.

முதல் நாள், என்ன மாற வேண்டும் என்று கேட்டார். மாமா, "எல்லார்கிட்டயும் சகஜமா பழகணும்மா" என்றார். ஸ்ரீமதி மாமாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மறுபடி கேட்டார். நான் எழுதினேன்: திருநீறு இடுவதை நிறுத்த வேண்டும். அவர் சொல்லித்தந்தது அல்ல. என் விடை.

ஓதுவது எனக்குப் பிடிக்கும். தினமும் குளித்த பின் ஓதுகிறேன். நெற்றிகள்தான் பிடிக்கவில்லை. அவற்றில் வியர்வை இருக்கும். சிலர் என் கையைப் பிடித்து அழுவார்கள். குழந்தையை மடியில் கிடத்துவார்கள். கல்யாணம் ஆகுமா, வேலை கிடைக்குமா என்பார்கள். எனக்குத் தெரியாது. நீங்கள், "சாமி சிரிக்குது பாரு, நல்லதே நடக்கும்" என்பீர்கள். நான் சிரிக்கவில்லை. பயந்தால் என் வாய் அப்படி ஆகும்.

சென்ற ஆண்டு 212 நெற்றிகள். விரல் தோல் உரியும் வரை கழுவினேன். நீங்கள் மஞ்சள் பூசினீர்கள். மறுநாள் ஆள் வந்தபோது மறுபடி எழுப்பினீர்கள்.

முடியாது என்று சொல்ல எட்டு மாதம் பழகினேன். முதலில் தேநீர்க் கடையில் சர்க்கரை வேண்டாம் என்றேன். பிறகு கிடங்கில். பிறகு மாமாவிடம். இப்போது உங்களிடம்.

முடியாது, அம்மா.

செந்தமிழ்செல்வன்


ஆலமுண்டவன் எனக்குப் பொறுமை தருக.

திருப்பாதிரிப்புலியூர்,
28.11.2025

செல்வனுக்கு,

பெற்றவளை மறுக்க எட்டு மாதப் பயிற்சியா? அதற்கு ஓர் ஆசிரியையா? முப்பது ஆண்டுகளாக உனக்குப் பிடிக்காதிருந்தால் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா? உன்னால் நான் தலைநிமிர்ந்தேன் என்று நம்பியிருந்தேனே, அதெல்லாம் பொய்யா?

மன்றத்தில் எனக்கு வலக்கையாயிருக்கும் மங்கம்மா சொன்னாள்: "புள்ளக்கி ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுவோம்க்கா. அவுரு இங்க வரலன்னா நாம அங்க போவோம். வேன் பேசிட்டேன், பதினாலு பேரு."

அப்படியே ஆகட்டும் என்றேன். டிசம்பர் பதினான்கு, ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறோம். அடியார் வாசலில் நிற்கக் கதவடைத்தவர் நம் குடியில் இல்லை.

ரத்தினம்மாள்


சிதம்பரம்,
03.12.2025

அம்மாவுக்கு,

அன்று ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார் மாமா. அது பொய். நான் வீட்டில்தான் இருப்பேன். கதவைத் திறக்க மாட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னேன். 2011இல் சமையலறையில், "அம்மா, வேணாம்" என்றேன். "சாமி காரியத்துல வேணாம்னு சொல்லக்கூடாதுடா" என்றீர்கள். 2016இல் கோயில் வாசலில் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள். 2019இல் எழுதி உங்கள் பூசைத் தட்டில் வைத்தேன். நீங்கள் அதில் கற்பூரம் மடித்தீர்கள்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. அதற்குப் பெயர் கோபம் என்பது இந்த ஆண்டுதான் தெரிந்தது. வயிற்றுக்குள் சூடாகச் சுருட்டும். இத்தனை நாள் அஜீரணம் என்று நினைத்திருந்தோம். ஒவ்வொரு விழா முடிந்ததும் நீங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

செந்தமிழ்செல்வன்


அம்பலத்தாடும் ஐயன் இம்மூடத்தாயைப் பொறுத்தருள்க.

திருப்பாதிரிப்புலியூர்,
15.12.2025

என் செல்வத்துக்கு,

நேற்றுப் பத்து மணிக்கு நீ கதவின் பின்னால் காத்திருந்திருப்பாய். ஏன் எவரும் வரவில்லை என்பதை நானே சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்த பின்னும் வேனில் ஏறினேன். கோபம் என்னை ஏற்றியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் மங்கம்மாவிடம், "தொறக்க மாட்டேன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

"பூவராகன்கிட்ட சாவி இருக்கும்ல? நாமளே தொறந்து உள்ள போயி உக்காந்துடுவோம். சாமி மொதல்ல அப்டித்தான் மொறைக்கும்."

பின்னிருக்கையிலிருந்து ஒருத்தி சிரித்தாள். "கைய நீட்டலன்னா புடிச்சி நாமளே நெத்தியில வெச்சிக்க வேண்டியதுதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடல் எரிந்தது. அடுத்த கணம் விளங்கியது: அந்தப் பெண் சொன்னது புதிதன்று. ஐந்து வயதில் உன் மணிக்கட்டைப் பிடித்து முதல் நெற்றியில் வைத்தவள் நானே.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். "அவன் சாமி இல்லடி. எம் புள்ள. அவனுக்கு வலிக்குது. ஒருத்தியும் அவன் வாசல மிதிக்கக் கூடாது. வண்டியத் திருப்பு" என்று கத்தினேன்.

"அப்ப இத்தினி வருஷம் எங்கள ஏமாத்துனியா?" என்றாள் மங்கம்மா.

"ஆமாம்" என்றேன். உடம்பு சரியில்லை என்று விழாவில் சொன்னதும் பொய் என்றேன். பதினான்கு பேரும் என்னைச் சாலையிலேயே விட்டுத் திரும்பினார்கள். பேருந்தில் வீடு வந்தேன். மாலையில் மன்றத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாங்கட்டும். நாவில் சிவனை வைத்துக்கொண்டு ஒருவன் கையை முறுக்கத் துணியும் அடியார் கூட்டத்துக்கு நான் தலைமை ஏற்றதே பிழை.

2019இல் நீ வைத்த தாளை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் இதற்குச் சிறிது. வேறு சொல் என்னிடம் இல்லை.

ஸ்ரீமதி மீது எனக்குச் சினம் தீரவில்லை. உன்னைச் சுமந்த நான் ஒருநாளும் கேட்காததை, அவள் முதல் நாளே கேட்டுவிட்டாள். அதை எப்படிப் பொறுப்பேன்? ஆயினும் சனிக்கிழமை தவறாமல் போ.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் வருவேன். உன்னைப் பார்க்க வரலாமா என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது. கூத்தனைத் தொழுதுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன்.

உன்னையும், உன் மாமா மனையையும், அப்பெண்ணின் குடும்பத்தையும், இம்மடலைப் படிக்க நேரும் எவரையும் அவர்தம் இல்லத்தையும் இறைவன் நோயும் அச்சமும் அணுகாது காக்க. உங்கள் அடுப்பும் விளக்கும் என்றும் அணையாதிருக்க.

அம்மா