நீங்கள் இஸ்திரி போட்ட பேன்ட்

அப்பா,

நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் என் நீச்சல் உடையைக் கொடுங்கள். "அந்தப் பேச்சையே எடுக்காதே" என்றீர்கள். எடுக்கிறேன்.

அது இல்லாமல் தீயணைப்புத் தேர்வுக்குப் போக மாட்டேன் என்று நினைத்தீர்கள். அங்கே பேன்ட், சட்டையோடுதான் ஐம்பது மீட்டர் நீந்தச் சொல்கிறார்கள். பேங்க் இன்டர்வியூ என்று நம்பி நீங்களே இஸ்திரி போட்டுத் தந்தீர்களே, அதே பேன்ட்! நேற்று குளத்தின் மறுமுனைச் சுவரைத் தொட்டதும், "பாஸும்மா, மேல வா" என்றார் தேர்வாளர். அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொய் சொன்னது தப்புதான். ஆனால், 'நம் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நெருப்பில் குதிப்பதா' என்று இனி ஆரம்பிக்காதீர்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள்.

பி.கு. பேன்ட் கொடியில் காய்கிறது. இன்னொரு தடவை இஸ்திரி போட்டு வையுங்கள். நீச்சல்தான் கடைசித் தேர்வு; வேலையில் சேரக் கையெழுத்துப் போடக் கிளம்பிவிட்டேன்.