ஒரே பேனாவில் எழுதிய ஏழு நாட்கள்

அக்கா,

ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு வாஷர் வாங்கப் போயிருந்தேன். வாசலில் பிளாஸ்டிக் அளவுக் குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் சிவப்புக் கோடுகள், மில்லிலிட்டர் எண்கள். உங்கள் குளியலறையில் இருந்ததும் இதே குவளைதான். கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். அப்படியே திரும்பி வெளியே வந்துவிட்டேன். வாஷரும் வாங்கவில்லை, குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இப்போதுதான் எழுதுகிறேன். நல்லவிதமாக நினைத்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என் மேல் இருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

குடல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தொடர்ந்து பதிவு செய்யும் ஆராய்ச்சிக் குழுவில் எனக்கு வேலை, அப்படித்தான் நீங்கள் பழக்கமானீர்கள். நீங்கள் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் ஆவணம் பார்த்தவர். ஒரு நாள் மதியம் வயிற்று வலி என்று மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள். ரத்தக் குழாய் அடைத்துக் குடல் கறுத்துப்போயிருந்தது. சிறுகுடலை ஏறக்குறைய முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நெஞ்சில் செருகிய குழாய் வழியாக ஏறிய வெள்ளைத் திரவம்தான் உங்களுக்குச் சாப்பாடு.

"அத ஏத்திக்கிட்டே டிவில சமையல் நிகழ்ச்சி பார்ப்பேன் லா," என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் வேலைக்குப் புதிது.

யாரோ ஒருவருடைய குடல் உங்களுக்குள் வந்தது. வாய்க்குச் சாப்பாடு திரும்பியது. கூடவே ஒரு நோட்டும் வந்தது. வயிற்றில் போட்ட துளையில் ஒட்டிய பையில் ஒரு நாளைக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று குவளையில் ஊற்றி அளந்து, தினமும் அந்த நோட்டில் எழுத வேண்டும். உடம்பு புதுக் குடலை ஏற்காமல் தள்ள ஆரம்பித்தால், பல சமயம் அது முதலில் தெரிவது இந்த அளவில்தான். அளவு ஏறினால் மருத்துவமனையில் சேர்த்து, கேமராக் குழாய் விட்டு, சதை கிள்ளிப் பார்ப்பார்கள். அதுவரை வாய்க்கு ஒன்றும் கிடையாது. கட்டிலுக்கு மேல் அப்படி எழுதிய அட்டையைத் தொங்கவிடுவார்கள். இரண்டு முறை அப்படிப் படுத்துவிட்டு வந்தீர்கள். இரண்டு முறையும் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் வீடும் என் வீடும் லிட்டில் இந்தியாவில் இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி. பரிசோதனை நாளில் சிராங்கூன் ரோட்டு சாப்பாட்டுக் கடையில் சந்தித்து, அங்கிருந்து சேர்ந்து ரயில் ஏறுவது நம் வழக்கம். சூடாகச் சமைத்தது மட்டும் சாப்பிடலாம் என்று உங்களுக்குக் கட்டளை. கல்லில் இருந்து நேராக வந்த தோசையைத்தான் தொடுவீர்கள், அதையும் நெய் ஊற்றச் சொல்லி. ஒரு நாள் தோசைக்குக் காத்திருந்தபோது நோட்டைத் திறந்தீர்கள். ஏழு நாளும் காலி. என் பேனாவை வாங்கி, ஏழு கட்டத்திலும் ஆயிரம், ஆயிரம் என்று ஒரே மூச்சில் எழுதினீர்கள்.

கார்கோவில் எடையைக் குத்துமதிப்பாக எழுதியவர்களைக் கிழி கிழி என்று கிழித்த கதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நீங்கள். எடை தப்பானால் விமானம் சாய்ந்துவிடும் என்று எனக்குப் பாடமே எடுத்திருக்கிறீர்கள். அதை நினைவுபடுத்தினேன். "நான் என்ன பிளேனா?" என்றீர்கள்.

அந்த இடத்தில் நான் நோட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். காலிக் கட்டங்களோடு கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் காலிக் கட்டம் வந்தால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்று அதற்கு முந்தின வாரம்தான் என்னைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"எல்லா நாளும் ஒரே நம்பர் போட்டா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போடுங்க. பேனாவையும் மாத்துங்க."

நான்தான் சொன்னேன். உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நம்பும்படி பொய் எழுத நான் கற்றுக்கொடுத்தேன். நீங்கள் கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டீர்கள். நான் கைப்பையில் துழாவி நீலப் பேனா ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன்.

அப்போது உண்மையான அளவும் ஏறக்குறைய அதுதான். உங்களுக்கு அளக்கச் சோம்பல், அவ்வளவுதான். அப்படிச் சொல்லித்தான் சில மாதம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு பரிசோதனை நாளில், தோசை முடிவதற்குள் மூன்று முறை கழிப்பறைக்குப் போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்தீர்கள். உதடு வெடித்திருந்தது. தண்ணீரை வைக்க வைக்கக் குடித்தீர்கள். நோட்டில் எண்கள் அழகாக ஏறி இறங்கி இருந்தன, இரண்டு பேனாவில். உண்மையில் எவ்வளவு என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நீ எழுதணும். தெரியாம இரு. டாக்டருக்கு நம்பர் வேணும், எனக்குச் சோறு வேணும். இன்னொரு தடவ அந்த அட்டைக்குக் கீழ படுக்க என்னால முடியாது லா."

தெரியாமல் இருந்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அன்று உங்கள் மருத்துவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இவ்வளவு ஒழுங்காக எழுதும் நோயாளி கிடைப்பது அபூர்வம் என்று என்னிடம் பெருமைப்பட்டார். அந்த வாரம் செய்ய வேண்டிய கேமராப் பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார். நீங்கள் மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினீர்கள், ஜெயித்துவிட்டோம் என்பதுபோல.

அடுத்த மாதம் வரவில்லை. பத்தே நாளில் வீட்டில் மயங்கி விழுந்தீர்கள். உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் நின்றுவிட்டது. குடலின் உள்தோல் உரிந்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. சீக்கிரம் தெரிந்திருந்தால் மருந்தை ஏற்றிப் பிடித்திருக்கலாம் என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டிலுக்கு வந்தார். நானும் கூட நின்றேன்.

எல்லாம் நானே கற்பனையாக எழுதியது, வேறு யாருக்கும் தெரியாது என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னீர்கள். பிறகு தமிழில் என்னிடம், "நீ வாயத் தொறக்காத. நீ வேலை பாக்கணும்," என்றீர்கள். என்ன சொல்கிறார் என்று மருத்துவர் கேட்டார். தண்ணீர் கேட்கிறார் என்றேன். இவர் இப்படி எழுதுவது உனக்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் நிஜமாகவே கேட்டீர்கள், தண்ணீர் இல்லை, ஒரு வாய் டீ. அட்டை உங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை விதியையும் உடைக்கச் சொல்லிக்கொடுத்தவள், அன்றைக்கு மட்டும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்தக் குடலை வெட்டி எடுத்தும் பயனில்லாமல் மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

ஆராய்ச்சியில் ஒருவர் இறந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்களுடையதை நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில், நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும்.

மருத்துவரின் அறை என் அறையிலிருந்து நான்காவது கதவு. இதுவரை தட்டவில்லை. ஆனால் உங்களை விட்டுவிடவும் இல்லை, பயன்படுத்திக்கொள்கிறேன். புதிதாக நோட்டு வாங்க வரும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, முன்பு ஓர் அம்மா அளவைப் பொய்யாக எழுதி உயிரை விட்டார் என்று சொல்கிறேன். பயந்துபோகிறார்கள். ஒழுங்காக அளக்கிறார்கள். அளவு ஏறிய அன்றே போன் செய்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை நேரத்தில் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறோம் அக்கா. அதற்காக என்னைப் பாராட்டினார்கள், நானும் கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கதையை முழுவதும் கேட்டுவிட்டுக் கண் கலங்கினாள். "பாவம், அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லப் பக்கத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன்.